ஒரு ஜோடி ஸ்பீக்கர் 25 லட்சமா? விலை எப்படி முடிவாகிறது, புது மாடலுக்குக் காத்திருக்கலாமா? முழு விளக்கம்

புது பைக் வருதுன்னா ஷோரூம் வாசலில் நிற்கிற கூட்டம் நமக்குத் தெரியும். புது செல்போன் வருதுன்னா விலை என்னன்னு ராத்திரி முழுக்கத் தேடுகிற கூட்டமும் தெரியும். அதே மாதிரி ஸ்பீக்கருக்காகக் காத்திருக்கிற ஒரு கூட்டமும் இருக்கிறது. "டிசைன் வெளிவந்துடுச்சு, விலை எப்போ சொல்வாங்க?" என்பதுதான் இவர்களின் மாதக்கணக்கான பேச்சு.

விலை வெளிவரும்போது சிலருக்கு மயக்கமே வந்துவிடும். காரணம், ஒரு ஜோடி ஸ்பீக்கரின் விலைக்கு வடசென்னையில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, வண்டியும் வாங்கி, மீதியை பேங்கில் போட்டுவிடலாம்.

உண்மையிலேயே அதில் அப்படி என்ன இருக்கிறது? வெளிநாட்டில் ஒரு விலை, நம்ம ஊரில் இரண்டு மடங்கு விலை, ஏன்? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் மாதிரி கடலோரத் தொழிற்பேட்டைப் பகுதியில் இருப்பவர்கள் இந்தப் பணத்தைப் போடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• விலை ஏற ஏற ஒலியின் தரம் அதே வேகத்தில் ஏறாது. முதல் சில லட்சத்துக்குள்ளேயே பெரும்பகுதி கிடைத்துவிடும்.
• துறைமுகத்துக்கு 1 லட்சம் ரூபாய் மதிப்பில் வந்து இறங்கும் ஸ்பீக்கர், கடைக்கு வரும்போது 2 லட்சத்தைத் தொடுவது சாதாரணம்.
• ஸ்பீக்கரை விட உங்கள் அறை முக்கியம். அறையை விட உங்கள் காது முக்கியம்.
• விலை அறிவிக்காத பொருளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

ஹை-எண்ட் ஸ்பீக்கர் என்றால் என்ன?

ஸ்பீக்கர் வேலை செய்கிற விதம் 100 வருடமாகப் பெரிதாக மாறவில்லை. 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் ஒரு வடிவமைப்பை வெளியிட்டார்கள். காந்தத்துக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் போனால் சுருள் முன்னும் பின்னும் அசையும். அதோடு ஒட்டியிருக்கும் கோன் காற்றைத் தள்ளும். அதுதான் சத்தம். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது தெருவில் கட்டுகிற மைக்செட் பாக்ஸிலும் இதுதான் இருக்கிறது. 25 லட்ச ரூபாய் ஸ்பீக்கரிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

அப்புறம் என்ன வித்தியாசம்? நோக்கம்தான் வித்தியாசம்.

மைக்செட் பாக்ஸின் வேலை, குறைந்த கரண்ட்டில் அதிக தூரத்துக்குக் கேட்கவைப்பது. தெருமுனை வரை பாட்டு போகணும், வெயிலிலும் தூசியிலும் தாக்குப்பிடிக்கணும், லாரியில் தூக்கிப்போட்டாலும் உடையக்கூடாது.

ஹை-எண்ட் ஸ்பீக்கரின் வேலை, பதிவில் என்ன இருக்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. கானா பாட்டில் தாளம் போடும் கை எந்த இடத்தில் பட்டது, பாடுகிறவர் எங்கே மூச்சு எடுத்தார், பின்னால் கோரஸ் பாடுகிறவர்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறார்கள், இதெல்லாம் அதில் தெளிவாகக் கேட்கும். பெட்டி தன் சொந்தக் குரலைச் சேர்க்கக்கூடாது என்பதுதான் இதில் இருக்கும் சவால். பாட்டு போடும்போது பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். அது அதிர்ந்தால், அந்த அதிர்வும் உங்கள் காதுக்குப் பாட்டாகத்தான் வருகிறது.

விலை எவ்வளவு ஏறியிருக்கிறது?

இங்கிலாந்தின் வொர்திங் நகரில் 1966-ல் தொடங்கிய பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நிறுவனத்தின் 801 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 1979-ல் வந்த முதல் 801, லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவிலேயே பயன்பாட்டுக்குப் போனது. அதனால் அந்த எண்ணுக்கே ஒரு மவுசு. ஒவ்வொரு முறை புது 801 வரும்போதும் ரசிகர்கள் காத்திருப்பது இதனால்தான்.

1998-ல் வந்த நாட்டிலஸ் 801 ஒரு ஜோடி 11,000 டாலர். 2021-ல் வந்த 801 டி4 ஒரு ஜோடி 35,000 டாலர். அன்றைய டாலர் மதிப்புக்கு, வரி எதுவும் சேர்க்காமலேயே 25 லட்சம் ரூபாய்க்கு மேல்.

"விலைவாசி ஏறிடுச்சு, அதான்" என்று சொல்லலாமா? அமெரிக்காவின் பணவீக்கத்தைக் கணக்கில் எடுத்தால் 1998-ன் 11,000 டாலர், 2021-ல் ஏறத்தாழ 18,000 டாலருக்குச் சமம். ஆனால் விலையோ அதைப்போல கிட்டத்தட்ட 2 மடங்கு. அதாவது விலைவாசியைத் தாண்டியும் விலை ஏறியிருக்கிறது. வாங்குகிறவர்களில் விலையைப் பார்க்காத பணக்காரர்களின் பங்கு கூடக் கூட, நிறுவனங்களும் மேலே மேலே போகின்றன.

உச்சத்தையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் வில்சன் ஆடியோ 2017-ல் அறிமுகப்படுத்திய வாம் மாஸ்டர் க்ரோனோசோனிக் ஒரு ஜோடி 6,85,000 டாலர். 70 ஜோடிகள்தான் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. அதே இங்கிலாந்தின் கெஃப் நிறுவனம் தன் 50-வது ஆண்டையொட்டி 2012-ல் எல்எஸ்50 என்ற சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்தது. விலை ஜோடி ஏறத்தாழ 1,500 டாலர். 2020-ல் அதை மேம்படுத்தி எல்எஸ்50 மெட்டா வந்தபோதும் விலை அதே 1,500 டாலர்தான். அறிவிப்பு வரும்வரை "இந்த முறை ஏத்திடுவாங்க" என்று பயந்த ரசிகர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆக, புது மாடல் என்றாலே விலை ஏறித்தான் ஆகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அந்தப் பணம் எங்கே போகிறது?

1. பெட்டி: விலை உயர்ந்த ஸ்பீக்கரில் பெரும்பணம் போவது பெட்டிக்குத்தான். பல அடுக்கு மரத்தை வளைத்து ஒட்டுவது, அலுமினியத்தில் கடைவது, உள்ளே குறுக்குச்சட்டம் கொடுப்பது, எல்லாமே அதிர்வை அடக்குவதற்காக. 801 டி4 ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஏறத்தாழ 100 கிலோ.

2. டிரைவர்கள்: கோன், ட்வீட்டர். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 2005 முதல் 800 வரிசையில் செயற்கை வைரத்தில் செய்த ட்வீட்டரைப் பயன்படுத்துகிறது. பகட்டுக்காக இல்லை. வைரம் மிக விறைப்பானது. அதனால் நாம் கேட்கும் எல்லைக்குள் அந்த மெல்லிய தகடு வளையாது, நெளியாது.

3. ஆராய்ச்சி: புது டிரைவர் ஒன்றை உருவாக்க வருடக்கணக்கில் ஆகும். விற்கப்போவதோ சில ஆயிரம் ஜோடி. அந்தச் செலவை அந்தச் சில ஆயிரம் பேர்தான் பங்குபோட்டுக் கட்டணும்.

4. கடையின் பங்கு: கேட்டுப்பார்க்க குளிர்சாதன அறை, டெமோ ஜோடி, வீட்டுக்கு வந்து பொருத்தும் ஆள், இதெல்லாம் விலையில் அடக்கம்.

5. பெயர்: இதுக்கு அளவுகோல் கிடையாது. ஆனா விலையில் கண்டிப்பா இருக்கு.

விலையை ஏன் கடைசிவரை சொல்ல மாட்டார்கள்?

வருடாவருடம் நடக்கும் பெரிய ஆடியோ கண்காட்சிகளில் புது ஸ்பீக்கரைக் காட்டுவார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்துவந்த ஹை எண்ட் கண்காட்சி இதில் முக்கியமானது. பக்கத்தில் இருக்கும் அட்டையில் "விலை பின்னர் அறிவிக்கப்படும்" என்று எழுதியிருக்கும். இதற்கு மூன்று காரணம்.

முதலாவது, உற்பத்திச் செலவு இன்னும் முடிவாகியிருக்காது. இரண்டாவது, டாலர், பவுண்டு, யூரோ மதிப்பும், ஒவ்வொரு நாட்டின் வரியும் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது காரணம் கொஞ்சம் சூட்சுமமானது. விலை தெரியாத வரை எல்லோரும் கனவு காணலாம். விலை தெரிந்த அன்றே பாதிப்பேர் விலகிவிடுவார்கள்.

காத்திருப்பு நம்ம பகுதிக்குப் புதுசு இல்லை. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் தயாரான கிளாசிக் 350 பைக் 2009-ல் வந்தபோது, புக் பண்ணிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம். ஆலை பக்கத்துத் தெருவில்தான், ஆனாலும் வண்டி கைக்கு வர மாசம் ஆகும். 2013-ல் ஒரகடம் ஆலை வந்த பிறகுதான் உற்பத்தி வேகமெடுத்தது. ஆனால் ஒரு வித்தியாசம். பைக்குக்குக் காத்திருந்தவருக்கு விலை தெரியும். ஸ்பீக்கருக்குக் காத்திருப்பவருக்கு அதுகூடத் தெரியாது.

துறைமுகத்தில் இறங்கும்போது விலை எப்படி ஏறுகிறது?

இங்கேதான் ராஜாஜி சாலை வருகிறது. வெளிநாட்டு ஸ்பீக்கர் கப்பலில் வந்தால் கன்டெய்னரில் சென்னை, எண்ணூர் அல்லது காட்டுப்பள்ளி துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கும் சரக்குப் பெட்டக நிலையங்களுக்குப் போகும். கஸ்டம்ஸ் புரோக்கர் இறக்குமதிப் பத்திரம் தாக்கல் செய்து, வரி கட்டிய பிறகுதான் பெட்டி வெளியே வரும்.

வரி கணக்கு இப்படி:

• ஸ்பீக்கர்களுக்கான அடிப்படை சுங்க வரி 2018 செப்டம்பரில் 10-லிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. 2022 பட்ஜெட்டில் அது 20 சதவீதமானது.
• அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி.
• இதெல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 18 சதவீதம் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி.

ஒரு உதாரணம் போடலாம். பொருளின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு மூன்றும் சேர்ந்து ஒரு ஜோடியின் மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

சுங்க வரி: 20,000 ரூபாய்
கூடுதல் வரி: 2,000 ரூபாய்
இதுவரை மொத்தம்: 1,22,000 ரூபாய்
ஜிஎஸ்டி 18 சதவீதம்: 21,960 ரூபாய்
துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது: 1,43,960 ரூபாய்

ஜிஎஸ்டியை இறக்குமதியாளர் பிறகு வரவு எடுத்துக்கொள்ளலாம். அதனால் அவருடைய அடக்கவிலை 1,22,000. இறக்குமதியாளர், கடைக்காரர் இருவரின் லாபமும் செலவும் சேர்த்து 40 சதவீதம் என்று வைத்தால் 1,70,800. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 30,744. கடைசியில் உங்கள் பில்லில் வருவது 2,01,544 ரூபாய்.

கவனிக்க வேண்டியது, 40 சதவீதம் என்பது கணக்கைப் புரிந்துகொள்ள நாம் போட்ட எண்தான். கடைக்குக் கடை மாறும். ஆனால் 1 லட்சம் எப்படி 2 லட்சம் ஆகிறது என்ற வழி இதுதான். இடையில் கன்டெய்னர் தேங்கி நின்றால் தாமதக் கட்டணம் தனி. இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தம் உள்ள நாட்டில் தயாரானது என்று சான்றிதழோடு வந்தால் சுங்க வரி குறையவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஒரே பிராண்டில் வேறு வேறு நாட்டில் செய்த மாடல்களுக்கு விலை வித்தியாசம் விசித்திரமாக இருக்கும்.

அப்போ உள்நாட்டுத் தயாரிப்பு? கொல்கத்தாவின் சோனோடைன் 1970 முதல் ஸ்பீக்கர் செய்கிறது. கொச்சியின் ரெத்ம் ஹை-எண்ட் ஸ்பீக்கர்களுக்காக வெளிநாட்டிலும் பெயர் வாங்கியது. இவற்றுக்கு முழு ஸ்பீக்கருக்கான இறக்குமதி வரி கிடையாது, சர்வீஸும் பக்கத்தில். பட்டியலில் இவற்றையும் சேர்த்துக் கேட்டுப்பார்ப்பது நல்லது.

"பர்மா பஜார்ல பாதி விலைக்குக் கிடைக்கும்" என்பது உண்மையா?

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் துறைமுகத்தை ஒட்டி ராஜாஜி சாலையில் கடை போட்ட இடம்தான் பர்மா பஜார். இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்த காலத்தில் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் வாங்க சென்னையே அங்கேதான் போகும். சிங்கப்பூரிலிருந்து பொருளைக் கொண்டுவருபவர்களுக்கு "குருவி" என்று பெயரே உண்டு. கப்பல் வந்திருக்கா, சரக்கு இறங்கியிருக்கா என்று விசாரிப்பதுதான் அன்றைய காத்திருப்பு.

1991-க்குப் பிறகு இறக்குமதி தாராளமானதும் அந்த அவசியம் குறைந்தது. ஆனாலும் "பில் இல்லாம வாங்கினா 40 ஆயிரம் குறைச்சுத் தரேன்" என்ற குரல் எல்லா ஊரிலும் இன்றும் கேட்கும். அந்த 40 ஆயிரத்துக்கு நீங்கள் இழப்பது என்ன?

வாரண்டி இந்தியாவில் செல்லாது. ட்வீட்டர் ஒன்று போனால், அதே மாடலின் அதே ட்வீட்டரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணும். அதற்கும் வரி உண்டு. அசல்தானா என்று உறுதி செய்ய வழியில்லை.

முறையாக இறக்குமதியான பெட்டியில், இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதியான மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை அடங்கிய ஸ்டிக்கர் இருக்கணும். புளூடூத் ஸ்பீக்கராக இருந்தால் பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கணும். ஸ்டிக்கர் இல்லையா, யோசிங்க.

10-க்கு 12 அறையில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் என்ன ஆகும்?

இதுதான் நம்ம பகுதிக்கு மிக முக்கியமான கேள்வி. ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் வீடுகளில் ஹால் பெரும்பாலும் சின்னது. 10 அடிக்கு 12 அடி என்று எடுத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு சொந்த ராகம் இருக்கிறது. எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பி மோதும்போது சில அலைவரிசைகள் மட்டும் பெருகும். 12 அடி நீளத்துக்கு அது ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ். 10 அடி அகலத்துக்கு ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். பாட்டில் அந்த பேஸ் நோட்டு வரும்போதெல்லாம் "கும்"மென்று அடித்து, மற்றதை மூடிவிடும். 25 லட்ச ரூபாய் ஸ்பீக்கரின் பலமே இந்த ஆழமான பேஸ்தான். அதை இந்த அறையில் வைத்தால் பலமே பலவீனம் ஆகிவிடும்.

சின்ன அறைக்குச் சின்ன ஸ்பீக்கர் தோற்ற தேர்வு இல்லை. இங்கிலாந்தின் பிபிசி வானொலி 1970-களில், வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காகவே எல்எஸ்3/5ஏ என்ற கைக்கு அடக்கமான ஸ்பீக்கரை உருவாக்கியது. வேனை விட நம்ம ஹால் பெரிசுதானே! அந்தச் சின்னப்பெட்டியை இன்றும் ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். மேலே சொன்ன எல்எஸ்50 பிறந்ததும் அதன் பாதிப்பில்தான்.

சின்ன ஸ்பீக்கரில் ஒரு விஷயம் கவனிக்கணும். சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு அது. எல்எஸ்50-க்கு 85 டெசிபல், 801 டி4-க்கு 90 டெசிபல். 5 டெசிபல்தானே என்று நினைக்க வேண்டாம். அதே சத்தம் வர, சின்னதுக்கு 3 மடங்கு பவர் தேவை. ஆம்ப்ளிஃபயர் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

அறையைச் சரிசெய்ய லட்சங்கள் வேண்டாம். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளி வையுங்கள். மூலையில் வைக்காதீர்கள். ஜன்னலுக்குக் கனமான திரை, தரையில் ஒரு ஜமக்காளம், சுவரில் புத்தக அலமாரி. வித்தியாசம் உடனே கேட்கும்.

இன்னொன்று, வெளிச்சத்தம். ராத்திரி முழுக்க கன்டெய்னர் லாரி ஓடுகிற எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீட்டில், மெல்லிய ஒலிகள் லாரி சத்தத்தில் கரைந்துவிடும். அந்த மெல்லிய ஒலிகளுக்காகத்தான் நீங்கள் கூடுதல் லட்சங்கள் கொடுக்கிறீர்கள். முதலில் ஜன்னல் இடுக்கை அடைப்பது, புது ஸ்பீக்கரை விட மலிவான முன்னேற்றம்.

உப்புக் காற்றும் சாம்பலும் ஸ்பீக்கரை என்ன செய்யும்?

கடலோரத்தில் இரும்பு எப்படி ஆகும் என்று காசிமேட்டில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்பீக்கருக்கும் அதே கதிதான்.

கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோமில் செய்ததாக இருந்தால், ஈரக்காற்றில் 10, 15 வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் வளையம் நீண்ட நாள் வரும். பின்பக்க டெர்மினல்களில் பச்சை பிடிக்கும். நியோடிமியம் காந்தத்தின் மேல்பூச்சு போனால் துரு ஏறும்.

தூசி அடுத்த எதிரி. ராயபுரத்தில் வீடுகளில் படிந்த கரித்தூளுக்காக வழக்கு நடந்து, நீதிமன்ற உத்தரவால் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது நிறுத்தப்பட்டது. அந்த வேலை எண்ணூர் பக்கம் போனது. எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் பிரச்சினை ஏற்கனவே உண்டு. கம்பிச் சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே இருப்பது முடி அளவுக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளிதான். அதில் துகள் புகுந்தால் "கர்கர்" என்று உரசும். எலெக்ட்ரோஸ்டேட்டிக் வகை ஸ்பீக்கர்கள் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால் தூசியை இழுக்கும். இந்தப் பகுதிக்கு அவை அவ்வளவாகப் பொருந்தாது.

எனவே வாங்கும்போதே கேளுங்கள்: வளையம் ரப்பரா, ஃபோமா? முன்பக்கம் மூடும் கிரில் கூட வருதா? கோன் போனால் இங்கேயே மாத்த முடியுமா, இல்லை முழு டிரைவரும் வெளிநாட்டிலிருந்து வரணுமா?

காதைப் பரிசோதித்தீர்களா?

இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். ஆலைகள் நிறைந்த பகுதியில் இதைச் சொல்லாமல் விடவும் முடியாது.

மனிதக் காதின் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்பது இளம் வயதுக் கணக்கு. வயது ஏற ஏற மேல்எல்லை குறையும். பிரஸ் ஷாப், பாய்லர், கம்ப்ரசர் பக்கத்தில் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு, முதலில் பாதிப்பது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். பேச்சில் "ஸ", "ஷ" மாதிரி ஒலிகளின் கூர்மை, பாட்டில் ஜால்ராவின் மினுமினுப்பு, இதெல்லாம் மங்கும். அது கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் போனதே தெரியாது. "பழைய ஸ்பீக்கர் டல்லாயிடுச்சு" என்றுதான் தோன்றும்.

ஆலைகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டு விதிகளின் வரம்பு. அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 85 டெசிபலே போதும் என்கிறது. அதன் கணக்குப்படி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. பகலெல்லாம் ஆலைச் சத்தம், ராத்திரி ஸ்பீக்கரில் முழு வால்யூம் என்றால் காது தாங்காது.

சத்தத்தால் வரும் காது கேளாமை, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. கேட்புத்திறன் சோதனை சில நிமிட வேலை. பழைய வண்ணாரப்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் டாக்டரைப் பார்த்துக் கேட்கலாம். 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காத காதுக்கு வைர ட்வீட்டர் வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

விலை தெரிந்தால் ஒலி மாறுமா?

மாறும். 1994-ல் கனடாவைச் சேர்ந்த ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்தும், ஒரு முறை கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவானதற்கு இறங்கியது. கேட்டவர்களில் அனுபவசாலிகளும் இருந்தார்கள்.

அதாவது நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒரு தடவையாவது கண்ணை மூடிக் கேட்கணும். ஒரே சத்த அளவில் கேட்கணும். ஏன்னா, கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் "நல்லா" இருக்கிற மாதிரியே தோன்றும்.

காத்திருக்கலாமா, இப்பவே வாங்கலாமா?

காத்திருக்கலாம், இந்த நிலைமைகளில்:
• கையில் இருக்கும் ஸ்பீக்கர் இன்னும் நன்றாக ஓடுகிறது.
• புது மாடல் வந்தால் பழைய மாடலின் விலை இறங்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள். இதுதான் காத்திருப்பின் உண்மையான லாபம். புதியது அறிவிக்கப்பட்ட உடனேயே கடைகள் பழைய இருப்பைத் தள்ளுபடியில் காலி செய்யப் பார்க்கும்.

இப்பவே வாங்கலாம், இந்த நிலைமைகளில்:
• உங்கள் அறையில் கேட்டுப்பார்த்து, பிடித்துப்போன ஒன்று பட்ஜெட்டுக்குள் இருக்கிறது.
• புது மாடலின் விலை இன்னும் வெளிவரவில்லை, வந்தாலும் இந்திய விலை எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

எதுவானாலும் இந்த 6 விஷயங்களை மறக்காதீர்கள்:

1. இந்திய விலை எழுத்தில் வராமல் முழுத்தொகை கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். எத்தனை நாளில் டெலிவரி, தாமதமானால் பணம் திரும்ப வருமா என்பது அதில் இருக்கணும்.
2. டெமோ கேட்கப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான 4 பாட்டை நீங்களே கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் கேட்கும்.
3. முடிந்தால் வீட்டில் ஒரு நாள் வைத்துக் கேட்கக் கேளுங்கள்.
4. எடையைப் பாருங்கள். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடிக்கு 100 கிலோ பெட்டியை யார் தூக்குவது, படிக்கட்டில் இடித்தால் யார் பொறுப்பு என்று முன்பே பேசிவிடுங்கள்.
5. மொத்த பட்ஜெட்டில் ஆம்ப்ளிஃபயர், ஸ்டாண்டு, ஒயர், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் எல்லாத்துக்கும் பங்கு ஒதுக்குங்கள்.
6. பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பில் இருந்தால்தான் பேச்சுக்குப் பலம்.

கடைசியாக ஒன்று. ஆசைக்கு விலை சொல்ல முடியாது என்பார்கள். ஆனால் ஸ்பீக்கருக்குச் சொல்ல முடியும், அதில் எவ்வளவு வரி, எவ்வளவு பெட்டி, எவ்வளவு பெயர் என்று பிரித்தும் சொல்ல முடியும். அதைப் பிரித்துப் பார்த்த பிறகும் வாங்கணும்னு தோணினால் தாராளமாக வாங்குங்கள். அதுவரை, வீட்டில் இருக்கும் பழைய பாக்ஸை சுவரிலிருந்து ரெண்டடி தள்ளி வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, உங்களுக்குப் பிடித்த பாட்டை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சில பேருக்கு அதுவே புது ஸ்பீக்கராகக் கேட்கும்.